தொட்டுக் குணமாக்கும் கைகளும் அரசின் பதிவேடும்

கரைவலை இழுப்பது ஒருவர் இருவர் செய்யத்தக்க தொழிலன்று. புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில், விடியற்காலையில் வலையை வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றுக்கும் ஆட்கள் பிரிந்து நின்று, அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடிபெயர்த்து இழுக்கும் காட்சி அப்பகுதி மக்கள் யாவரும் அறிந்தது. அவ்வாறு இழுக்கும்போது, பின்வாங்கும் அலையின் வேகத்தில் ஓர் இளைஞனின் தோள்மூட்டு இடம் பெயர்ந்துவிட்டது எனக் கொள்க. அவனைச் சுற்றி நிற்பவர்களுள் ஒருவர் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பார். மற்றொருவர் பக்கத்து ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் இருக்கின்றார், அவருடைய தந்தையார் எத்தனையோ பேருடைய கைகால்களைச் சரிப்படுத்தியவர் என்பார். பெரும்பாலும் இரண்டாமவர் சொல்லே எடுபடும்.

அந்த வைத்தியரிடம் என்ன சான்று உண்டு? சுவரில் மாட்டிய பட்டம் ஒன்றும் இராமற்போகலாம். ஆனால் ஊரார் அவரை அறிவர். அவர் தந்தையையும் பாட்டனையும் அறிவர். அவருடைய கை பட்டு நன்றாக நடப்பவர் யார், நொண்டி நடப்பவர் யார் என்பதையும் அறிவர். ஊரின் ஞாபகமே அங்கே பதிவேடாக இருக்கின்றது. தவறு செய்த வைத்தியரின் வாசலுக்கு மறுமுறை எவரும் போகார். அதுவே அவருக்குரிய தண்டனை.

இதே கரையோரத்தில் இன்று வேறொரு காட்சியும் உண்டு. தெற்கே மாரவில முதலாகக் கடற்கரை விடுதிகள் அமைந்துள்ளன. ஆயுர்வேதச் சிகிச்சைக்கென்றே ஐரோப்பியர் வந்து வாரக்கணக்கில் தங்கும் இல்லங்கள் அவற்றுள் உள்ளன. வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டில், ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைக்கு அப்பால், ஆலங்குடா முதலிய இடங்களில், காற்றாடியைப் பற்றிக்கொண்டு அலைமீது சறுக்கி விளையாட வருவோர்க்கான விடுதிகள் எழுந்துள்ளன. எண்ணெய் பூசி உடம்பு பிடித்துவிடுதல், யோகாசனம் பயிற்றுதல் என்பனவும் இத்தகைய விடுதிகளில் விற்பனைக்குரிய சேவைகளாகிவிட்டன. இங்கே வருகின்றவர், தம்மைத் தொடுகின்றவரின் தந்தையை அறியார், ஊரை அறியார், மொழியையும் அறியார். ஊரின் ஞாபகம் இவருக்கு உதவாது. அப்படியாயின் இவருக்குச் சான்று சொல்ல வேண்டியவர் யார்? அரசுதான் சொல்ல வேண்டும் என்பது இலகுவான விடை. அரசு எதனை, எவ்வளவு, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதே கடினமான வினா.

கையால் தொட்டுச் செய்யும் வைத்தியத்துக்கு இக்கரையோரத்தில் மூன்று மரபுகள் கலந்திருக்கின்றன. முதலாவது தமிழரின் சித்த வைத்தியம். அதில் உடம்பைப் பிடித்துச் செய்யும் சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை 9 வகையாகப் பிரித்துச் சொல்வர். இரண்டாவது முஸ்லிம் மக்களிடையே வழங்கும் யூனானி. புத்தளக் கரைக்கு 1344ஆம் ஆண்டில் வந்திறங்கிய யாத்திரிகர் இப்னு பதூதாவின் காலத்துக்கு முன்னரே அரபு நாட்டுக் கப்பல்கள் இலங்கையின் துறைகளை அறிந்திருந்தன. அந்தத் தொடர்பின் வழியே நிலைபெற்ற யூனானி முறையில், உடம்பைத் தேய்த்துப் பிடிக்கும் தல்க், குவளை வைத்து இரத்தம் வாங்கும் ஹிஜாமா என்பன மருந்து கொடுத்தலின் வேறான சிகிச்சை முறைகளாக எண்ணப்படுகின்றன. மூன்றாவது சிங்கள மக்களின் கெடும் பிந்தும் வைத்தியம். எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் என்றே தனிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்து வந்துள்ளன.

யோகம் இம்மூன்றினின்றும் வேறானது. அது நோயாளிக்கு வைத்தியன் செய்யும் சிகிச்சையன்று; மாணாக்கன் தன் உடம்பிலும் உள்ளத்திலும் தானே செய்துகொள்ளும் பயிற்சி. குருவானவர் வழிகாட்டுவார். ஆயினும் முதுகுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் ஆசனம் கற்பிக்கின்றேன் என்று ஒருவர் சொல்லத் தொடங்கும் கணத்திலேயே, யோகமும் வைத்தியத்தின் எல்லைக்குள் ஒரு காலை எடுத்து வைத்துவிடுகின்றது.

இலங்கையிலே சட்டம் இவ்விடயத்துக்குள் வந்த வரலாறு நீண்டது. 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டம் மேனாட்டு மருத்துவர்களுக்கும், மருத்துவ மாதர், மருந்தாளர் முதலியோருக்கும் பதிவு முறையை வகுத்தது. சுதேச வைத்தியர்கள் அப்பதிவேட்டுக்கு வெளியே நின்றனர். தமக்கும் கல்லூரியும் பதிவும் வேண்டுமென்று தேசிய எழுச்சிக் காலத்தில் எழுந்த குரலின் பயனாக 1929ஆம் ஆண்டில் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சுதேச வைத்திய சபையை நிறுவியது. சுதந்திரத்தின் பின் இவை யாவற்றையும் ஒழுங்குபடுத்தி 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் நிறைவேறிற்று. இன்றும் இத்துறைக்கு அடித்தளமாக இருப்பது அச்சட்டமே.

அச்சட்டம் செய்த காரியங்களுள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை. ஒன்று, ஆயுர்வேதம் என்னும் சொல்லுக்கு அது கொடுத்த விரிந்த பொருள். சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகிய எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கும் எனச் சட்டம் வகுத்தது. ஆகவே கற்பிட்டி ஹக்கீமும் உடப்பு வைத்தியரும் மாரவில வெதமாத்தயாவும் ஒரே பதிவேட்டுக்கு உரியவராயினர். மற்றொன்று, ஆயுர்வேத வைத்திய சபை என ஒன்றை அமைத்து, வைத்தியரைப் பதியவும், ஒழுக்கம் தவறியவரின் பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் அளித்தது. கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் மாத்திரமன்றி, குருவிடம் இருந்து கற்ற பரம்பரை வைத்தியரும் தம் அறிவைக் காட்டிப் பதிவு பெறலாம். முறிவு நெரிவு, பாம்புக்கடி, கண் நோய், கட்டு, தீப்புண் எனத் தாம் தேர்ந்த ஒரு துறைக்கு மாத்திரம் விசேட வைத்தியராகப் பதிவு பெறவும் இடமுண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின், சுதேச வைத்தியசாலைகளை நடத்தும் பொறுப்பு மாகாண சபைகளுக்குச் சென்றது. புத்தளம் மாவட்டத்துக்கு அது வடமேல் மாகாணம். வைத்தியரைப் பதியும் பொறுப்போ கொழும்பில் உள்ள சபையிடமே இருக்கின்றது.

பரம்பரை வைத்தியருக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்த இவ்வேற்பாட்டின் அருமை, அயல்நாட்டைப் பார்க்கும்போது நன்கு விளங்கும். இந்தியாவில் கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தமக்குத் தொழில் செய்யும் உரிமை வேண்டுமென்று தொடுத்த வழக்கிலே, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஏற்றுக்கொண்ட கல்வித் தகுதியும் பதிவும் இல்லாதவர், தலைமுறை அனுபவம் இருப்பினும், வைத்தியத் தொழில் நடத்தலாகாது என்பது அதன் சாரம். நோயாளியின் உயிர் பெரிது என்னும் எண்ணமே அத்தீர்ப்பின் அடியில் இருந்தது. அதனை எவரும் குறை கூற இயலாது. ஆனால் வாசல் முழுதும் அடைபட்டபோது, உள்ளே இருந்த உண்மையான அறிவுக்கும் வெளியே வர வழியில்லாமற் போகின்றது. இலங்கைச் சட்டம் அந்த வாசலில் ஒரு பரீட்சகரை நிறுத்தியது, கதவைப் பூட்டவில்லை.

அப்படியாயின் குறை எங்கே? சட்டம் வைத்தியரைக் கண்டது. வைத்தியர் அல்லாத கைகளைப் போதிய அளவு காணவில்லை. விடுதியில் எண்ணெய் பூசுபவர் வைத்தியர் அல்லர். யோகாசனம் கற்பிப்பவரும் வைத்தியர் அல்லர். பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்கு எண்ணெய் பூசி, வயிற்றை உருவி, குழந்தையைக் குளிப்பாட்டும் ஊர்ப் பெண்ணும் வைத்தியர் அல்லர். எனினும் இவர்கள் யாவரும் பிறர் உடம்பைத் தொட்டுத் தொழில் செய்பவர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான சேவைகளை மேற்பார்வை செய்ய 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அதிகார சபை ஒன்று உண்டு. ஆனால் அதன் நோக்கு முதன்மையாக விடுதியின் தரத்தைப் பற்றியது. துவாய் சுத்தமா, அறை வசதியா என்று பார்ப்பது ஒரு வகை. கழுத்தைத் திருப்புகின்ற கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியுமா என்று பார்ப்பது வேறொரு வகை.

இந்த இடைவெளியிலே வேறொரு கேடும் புகுந்துவிட்டது. ஆயுர்வேதம் என்னும் மதிப்புள்ள பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு விபசாரம் நடத்தும் இடங்கள் இலங்கையின் நகர்ப்புறங்களிற் பல உண்டு. அவற்றைப் பொலிஸார் சுற்றிவளைத்த செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. அவ்வாறு சுற்றிவளைப்பதற்கு அவர்கள் கையாளும் சட்டங்களுள் முக்கியமானது 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிக் கட்டளைச் சட்டமாகும். இதனால் யாருக்கு இழுக்கு? உண்மையாகவே பஞ்சகர்மம் கற்று, தைலம் காய்ச்சத் தெரிந்து, நேர்மையாக உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் பெண்ணுக்கே இழுக்கு. அவள் செய்யும் வேலையின் பெயரை அயலாரிடம் சொல்லக் கூசுகின்றாள். கலியாணம் பேசி வருகின்றவர்களிடம் தாய் அதனை மறைக்கின்றாள். களவு செய்தவன் ஒருவன். களங்கம் சுமப்பவள் வேறொருத்தி. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அவள் கற்றது இன்னது என்று அரசு எழுதிவைத்த ஒரு வரி இருக்குமாயின், அவள் தலை நிமிர்ந்து நடப்பாள். பதிவேடு நோயாளிக்கு மட்டுமன்று, தொழிலாளிக்கும் காவல் என்பதை இந்த ஒரு நிலையே காட்டும்.

நோயாளிக்கு வரக்கூடிய தீங்கு கற்பனையன்று. முறிந்த கையிலே மூங்கில் தப்பை வைத்து மிக இறுக்கமாகக் கட்டிவிட்டால், உள்ளே வீக்கம் பெருகி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் தசை அழியத் தொடங்கும். விரல்கள் வெளிறிக் குளிர்ந்து, நீட்டும்போது தாங்கமுடியாத வலி தருமாயின், கட்டை உடனே அவிழ்த்துவிட வேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடலாம். காலிலே ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்து வீங்கியிருப்பதைச் சாதாரண நோவென்று எண்ணி அழுத்தி உருவினால், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரைப் போக்கக்கூடும். கழுத்தைச் சடுதியாகத் திருப்பி நெட்டி முறிக்கும்போது, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்து பாரிசவாதம் உண்டானமை மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளது. சுத்தம் செய்யாத கத்தியால் ஹிஜாமா செய்தால், ஒருவர் இரத்தத்திலுள்ள ஈரல் அழற்சிக் கிருமி மற்றவருக்குத் தொற்றும். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகின்றது என அளந்து கண்டுள்ளனர். கண்ணழுத்த நோய் உள்ளவர் அதனைச் செய்தலாகாது என்று ஆசிரியர் முன்னரே கேட்டறிந்து விலக்க வேண்டும்.

இவற்றைச் சொல்வது இக்கலைகளைப் பழிப்பதற்கன்று. முதுகுவலிக்கு மாத்திரை கொடுக்கத் தொடங்குமுன் யோகம், உடம்பு பிடித்தல் போன்ற முறைகளைக் கைக்கொள்ளலாம் என அமெரிக்க மருத்துவ வல்லுநர் கல்லூரி 2017ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்திற்று. நன்மை செய்யவல்ல எந்தக் கைக்கும் தீமை செய்யும் வலிமையும் உண்டு. ஒன்றும் செய்யமாட்டாத கைக்கே ஒழுங்குவிதி வேண்டியதில்லை.

பிற நாடுகள் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டுள்ளன. யப்பான் தேசத்திலே உடம்பு பிடிக்கும் தொழில் பல நூற்றாண்டுகளாகப் பார்வையற்றோரின் சீவனோபாயமாக இருந்தது. அந்நாடு 1947ஆம் ஆண்டிலே, அன்மா, அக்குபங்சர் முதலியன செய்வோர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றி, உரிய கல்லூரியிற் பயின்று அனுமதி பெற்றவரே அவற்றைத் தொழிலாகச் செய்யலாம் என விதித்தது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடம்பு பிடிப்போர் ஒரு தொழிற்சபையின் பதிவுக்கு உட்பட்டவர். யோக ஆசிரியருக்கோ அத்தகைய சட்டப் பதிவு இல்லை. பிரித்தானியா, எலும்பையும் முதுகந்தண்டையும் கையால் சீர்செய்யும் இரு துறையினர்க்கு 1993, 1994 ஆகிய ஆண்டுகளிற் சட்டம் இயற்றியது. ஏனைய பல முறைகளுக்கு, விரும்பியோர் சேரும் பதிவேடு ஒன்று 2008ஆம் ஆண்டில் ஏற்பட்டது. யோகம் பிறந்த இந்தியாவிலும், ஆயுஷ் அமைச்சின் ஆதரவில் யோக ஆசிரியருக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றதாயினும், அதனைப் பெறுவது அவரவர் விருப்பமே.

இந்நாடுகளின் அனுபவத்தை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். பெயரைப் பார்த்துச் சட்டம் செய்வதிலும், தீங்கின் அளவைப் பார்த்துச் சட்டம் செய்வதே அறிவுடைமை. முறிந்த எலும்பைக் கட்டுவோரும், தோலைக் கீறுவோரும், கழுத்தையும் முதுகந்தண்டையும் வலிந்து திருப்புவோரும் முதல் வரிசை. இவர்களுக்குப் பதிவு கட்டாயமாக இருக்க வேண்டும். எண்ணெய் பூசி உடம்பு பிடிப்போர் இரண்டாம் வரிசை. இவர்களுக்குச் சில மாதப் பயிற்சியும், எவரைத் தொடலாகாது என்னும் அறிவும், அதற்கொரு சான்றும் போதும். தொழிற்பயிற்சிக்குத் தரம் வகுக்க 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழு இலங்கையில் இருக்கின்றது. அவ்வழியை இதற்குப் பயன்படுத்தலாம். ஆரோக்கியமானவர்களுக்கு ஆசனம் கற்பிக்கும் யோக ஆசிரியர் மூன்றாம் வரிசை. குருவுக்கும் மாணாக்கனுக்கும் உள்ள தொடர்பிலே அரசு புகுந்து எந்த ஆசனத்தை எப்படிச் செய்க என்று கட்டளையிடுவது பொருந்தாது. நோயைத் தீர்ப்பதாக அவர் விளம்பரம் செய்தால் மட்டும், அவரும் முன்வரிசைக்குரிய கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. கடதாசி கலையைக் கொல்லும் என்பர். முறிவு வைத்தியரின் மகன் விரல் நுனியால் எலும்பின் பிசகை உணர்வான்; ஆனால் படிவம் நிரப்ப அறியான். கொழும்புக்குப் போய்வரும் ஒரு நாளில் அவன் ஒரு நாட் கூலியை இழக்கின்றான். தமிழில் மட்டும் பேசத் தெரிந்தவனை வேறு மொழியிற் கேள்வி கேட்டால், அவன் அறிவு அவன் நாவிலேயே தங்கிவிடும். அலைச்சலுக்கு அஞ்சி அவன் கரைவலைக்கோ உப்பளத்துக்கோ வேலைக்குப் போவானாயின், பாட்டன் காலத்து எண்ணெயின் பக்குவமும் கட்டின் நுட்பமும் அவனோடு முடிந்துவிடும். தேர்ச்சியற்றவனைத் தடுக்க வந்த சட்டம் தேர்ந்தவனைத் துரத்திவிட்டதாக ஆகும்.

இவ்வாதத்துக்கு விடை இலங்கையின் சொந்த வரலாற்றிலேயே இருக்கின்றது. ஒரு காலத்தில் இந்நாட்டிற் பிள்ளைப்பேறு பயிற்சியற்ற மருத்துவிச்சிகளின் கையிலே இருந்தது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிற்று. அதன்பின், பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவ மாதர் கிராமந்தோறும் அனுப்பப்பட்டனர். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு தாய்மாரை வரச் சொல்லவில்லை. தாமே வீடு வீடாகச் சென்றனர். 1940களில் 1,00,000 பிள்ளைப்பேறுகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டிலே, இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. மலேரியா ஒழிப்பும், ஆஸ்பத்திரிகளின் பெருக்கமும், பெண் கல்வியும் அதற்குத் துணைநின்றன என்பது உண்மையே. ஆயினும் பதிவு பெற்ற அந்தப் பெண்களின் கைகள் இல்லாமல் அது நடந்திராது. அவர்களுடைய பதிவேடு மக்களை அலைக்கழிக்கவில்லை. மக்களின் வாசலைத் தேடி வந்தது. அதுவே அது வென்றதன் இரகசியம்.

ஆகவே பரம்பரை வைத்தியரைப் பதியும் காரியமும் அந்த வழியிலே நடக்க வேண்டும். பரீட்சை நடத்துவோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வரட்டும். தமிழிற் கேட்டுத் தமிழில் விடை பெறட்டும். 1990ஆம் ஆண்டு வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர் இம்மாவட்டத்திலேயே குடியேறினர். ஊரை இழந்தவர்களுக்கு, ஊரார் ஞாபகம் என்னும் பழைய பதிவேடும் இல்லாமற் போயிற்று. அத்தகையோரிடையே வைத்தியம் அறிந்தவர் எவரேனும் இருப்பின், பிறந்த ஊரின் அத்தாட்சியைக் கொண்டுவா என்று கேட்பதிலும், செய்து காட்டு என்று கேட்பதே நீதி. கையின் தொழிலுக்குக் கையாலேயே பரீட்சை நடக்கட்டும்: கட்டுப்போடச் சொல்லிப் பார்க்கட்டும்; எப்போது கட்டை அவிழ்ப்பாய், எந்த நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாய் என்று வினவட்டும். இவ்விரண்டு வினாக்களுக்கும் சரியான விடை சொல்பவர், எழுதத் தெரியாதவராயினும் பயமின்றி நம்பத்தக்கவர். எல்லாம் என்னால் முடியும் என்பவர், எத்தனை பட்டம் பெற்றவராயினும் அஞ்சத்தக்கவர்.

ஆஸ்பத்திரி வைத்தியருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. முறிவு வைத்தியர் அனுப்பிய நோயாளி வரும்போது, ஏன் அங்கே போனாய் என்று முதலிற் கடிந்துகொள்வது அந்நோயாளியை மறுமுறை காலம் தாழ்த்தி வரச்செய்யும். ஊடுகதிர்ப் படம் எடுத்து, எலும்பு பொருந்தியிருக்கின்றதா என்று பார்த்து, கண்டதை அந்த வைத்தியருக்கும் தெரிவித்தால், அடுத்த நோயாளி இன்னும் விரைவாக வந்து சேர்வான். பதிவேடு இருவரையும் அறிமுகப்படுத்தும் கடிதம் போன்றது, பழகவேண்டியவர்கள் அவர்களே.

சட்டம் வரும்வரை நேயர்கள் தாமே கேட்டறியத்தக்கவை சில உண்டு. தொட்டுச் சிகிச்சை செய்ய வருபவர் பதிவு பெற்றவராயின், எந்தத் துறைக்குப் பதிவு பெற்றவர் என்று கேட்கலாம். பாம்புக்கடிக்குப் பதிவு பெற்றவர் எலும்பு முறிவுக்குத் தேர்ந்தவராகார். கருப்பம், நீரிழிவு, இரத்த அழுத்தம், எலும்பு மெலிவு, கண்ணழுத்த நோய் என்பன உண்டாயின் அவர் கேட்கும் முன்னரே சொல்லிவிடல் நன்று. கேளாமலே தொடங்குகின்றவரிடம் உடம்பை ஒப்படையாதிருத்தல் அதனினும் நன்று. கட்டுப்போட்டபின் விரல் மரத்துப்போனால் விடியும்வரை பொறுத்திருத்தலாகாது.

உடப்புக் கரையில் தோள் விலகி நின்ற அந்த இளைஞனுக்குத் தேவையானவை மிகச் சிலவே. தன் தோளைப் பற்றும் கை கற்ற கையாக இருக்க வேண்டும். தன் எல்லையை அறிந்த கையாக இருக்க வேண்டும். தவறினால் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட கையாக இருக்க வேண்டும். இவற்றுள் முதலாவதைக் குருவும் இரண்டாவதை அனுபவமும் தரும். மூன்றாவதைத் தரவல்லது அரசு ஒன்றே. அவன் நாளை மறுபடியும் கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாடலுக்குக் குரல் கொடுத்து, வலையை இழுக்க வேண்டும். அவனை நம்பி வீட்டிலே உலை ஏறுகின்றது.